சாயம் போகும் என்று சொல்ல வேண்டியவர் யார்?

பெருநாள் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஆண்களின் ஆடையைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். எந்தக் கடையில் துணி எடுப்பது, எந்தத் தையற்காரரிடம் கொடுப்பது, கழுத்துப்பட்டி எப்படி அமைய வேண்டும் என்றெல்லாம் வாப்பாவும் பிள்ளைகளும் வாதாடுவர். பெரியவர்கள் சிலருக்கு இப்பேச்சே பிடிப்பதில்லை. மானத்தை மறைப்பதற்கே ஆடை, அதற்கு மேற்பட்டதெல்லாம் பெருமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். அவர்களுடைய நோக்கம் நல்லதே. ஆனால் முடிவு சரியானதன்று என்றே நாம் கருதுகிறோம். நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் ஒருவன் விரும்புவது பெருமையாகிவிடுமா என்னும் ஐயம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே எழுப்பப்பட்டது. இறைவன் அழகை விரும்புகிறான் என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். பெருமையின் இருப்பிடம் ஆடையன்று. உண்மையை ஏற்க மறுக்கும் மனமும், பிறரைத் தாழ்வாக நோக்கும் பார்வையுமே அதன் இருப்பிடம் என்றும் விளக்கினார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பில் காணப்படும் செய்தி இது.

ஆகவே ஆடையைப் பற்றி நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அது அழகாக இருக்கலாமா என்பதன்று. அதில் உண்மை இருக்கிறதா என்பதே.

அளவு கொடுத்துத் தைக்கும் ஆடையில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. ஆயத்த ஆடை வாங்குகிறவர் முடிந்துபோன ஒரு பொருளைக் கையிலெடுத்துப் பார்த்து வாங்குகிறார். தைக்கக் கொடுப்பவரோ இனிமேல் உருவாகப் போகும் ஒன்றுக்காகப் பணம் தருகிறார். தண்ணீர் பட்டால் துணி என்னாகும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். கழுத்துப்பட்டியினுள் வைத்த கேன்வாஸ் எத்தகையது, பக்கத் தையலுக்குள் எவ்வளவு துணி விடப்பட்டது, வெட்டியது போக மீந்தது எவ்வளவு என்பவை தையற்காரருக்குத் தெரியும். உடுத்துகிறவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவருக்கு எதைச் சொல்லக் கடமைப்பட்டவர்? சொல்லத் தவறினால் என்ன செய்ய வேண்டும்? இவ்வினாக்களோடு சென்னைக்கு வடக்கே ஒரு கடற்கரைக்குப் போய் வருவோம்.

எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே, ஒரு புறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. மீனவர் குப்பங்கள் நிறைந்த இப்பகுதியில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைத்தது. துறைமுகம் 2018ஆம் ஆண்டில் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. இன்று அங்கே சரக்குப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. முத்திரையிட்ட பெட்டியினுள் இருப்பதைப் பெரும்பாலும் யாரும் கண்ணால் பார்த்து ஏற்றுவதில்லை. உடன் வரும் தாளில் எழுதியிருப்பதை நம்பியே ஏற்றுகின்றனர். சொல்லை நம்பிச் சரக்கு கடல் கடப்பது இக்கரைக்குப் புதிதன்று. காட்டுப்பள்ளிக்கு வடக்கே, அதே கடலோரத்தில் உள்ள பழவேற்காடு அதற்குச் சான்று.

டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் ஜெல்திரியா கோட்டையைக் கட்டினர். அவர்களை அங்கே இழுத்து வந்தது துணி. சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்தால்தான் கீழைத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் கடலோர முன்னோரான முஸ்லிம் வணிகர் அவர்களுக்கு முன்பே அவ்வாணிபத்தில் ஈடுபட்டிருந்தனர். மலாய் மக்கள் கட்டம் போட்ட சாரத்தை இன்றும் ‘கைன் பெலிக்காட்’ என்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயரே. இலங்கையிலும் ‘பளையகாட்’ சாரம் என்ற பெயர் வழங்குகிறது. ஜும்ஆவுக்குக் கைலி உடுத்திப் பள்ளிவாசலுக்குச் செல்லும் மலாய் முதியவர், தாம் அறியாமலே நம் கரையின் ஓர் ஊரை இடுப்பில் கட்டிக்கொண்டு செல்கிறார். இதை எண்ணும்போது நமக்கு மகிழ்ச்சி ஏற்படுவதை மறைப்பானேன்?

இக்கரைத் துணிக்கு உலகப் புகழ் வந்ததற்குத் தலையாய காரணம் சாயம். சாயவேரின் செந்நிறத்தைப் படிகாரத்தின் துணைகொண்டு நூலோடு பிணைக்கும் வித்தை இங்குள்ள சாயக்காரர்களுக்குக் கைவந்திருந்தது. படிகாரம் நடுவே நின்று, சாயத்தையும் நூலையும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். வண்ணம் இட்ட பருத்தித் துணி ஒரு சலவையிலேயே வெளுத்துப் போவதைக் கண்டு பழகிய ஐரோப்பியர், துவைத்தும் மங்காத இந்தியத் துணியைக் கண்டு வியந்தனர். பின்னர் 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றியதும் கட்டம் போட்ட துணிக்கு மதராஸ் என்ற பெயர் நிலைத்தது. 36 அங்குலச் சதுரமாக நெய்த மதராஸ் கைக்குட்டை மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. கைக்குட்டை என்பது பெயரளவில்தான். அங்குள்ளோர் அதைச் சிறப்பு நாட்களில் உடுத்தும் ஆடையாகவே போற்றினர்.

சாயம் போகாததால் புகழ்பெற்ற கரையின் பெயரைத் தாங்கிய துணியே, சாயம் போவதால் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. துணி வணிக உலகில் பலமுறை சொல்லப்பட்ட கதை அது.

1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், கண்ணூரைச் சேர்ந்த கைத்தறி ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மதராஸ் துணி வாங்கினார். கெஜம் ஒரு டாலர் விலை. இதைக் குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்கிவிடும் என்று நாயர் எச்சரித்திருந்தார். ஜேக்கப்சன் 10,000 கெஜத்தை நியூயார்க்கின் பெயர்பெற்ற ஆண்கள் ஆடை நிறுவனமான புரூக்ஸ் பிரதர்சுக்கு விற்றார். எச்சரிக்கை மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. சட்டைகளும் மேலங்கிகளும் தைக்கப்பட்டு, சலவைக் குறிப்பு எதுவுமின்றி விற்கப்பட்டன. வாங்கியவர்கள் வழக்கம்போல் துவைத்தனர். சிவப்பு நீலத்தில் இறங்கியது. நீலம் மஞ்சளில் இறங்கியது. வழக்குத் தொடரும் மிரட்டல் எழுந்தது.

அதன்பின் நடந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. ‘செவன்டீன்’ என்னும் பத்திரிகையில் இத்துணியைப் பற்றிப் பெரிய கட்டுரை வெளிவந்தது. கையால் நெய்து இயற்கைச் சாயம் தோய்த்த இந்தியத் துணி, ஒவ்வொரு சலவையிலும் நிறம் கலந்து புதுத் தோற்றம் கொள்ளும் அற்புதம் என்று அது பாராட்டப்பட்டது. சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரமும் செய்யப்பட்டது. திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் போக, வாங்குவதற்குக் கூட்டம் திரண்டது. நாயர் பிற்காலத்தில் லீலா தங்கும் விடுதிகளை நிறுவிப் பெரும் புகழ் பெற்றார், 2014இல் காலமானார்.

வணிகக் கல்வி கற்றோர் இக்கதையை வியந்து சொல்வர். குறையையே சரக்காக்கிய திறமை என்பர். நாமும் அத்திறமையை மறுக்கவில்லை. சாயம் போகும் என்று சொல்லி விற்பதில் மோசடியும் இல்லை. குறையை மறைக்காமல் வெளிப்படுத்துவதைத்தானே மார்க்கமும் கேட்கிறது? அடியில் நனைந்திருந்த தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த பெருமானார் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். விளம்பரத்துக்குப் பின் மதராஸ் துணி வாங்கியவர்கள் நனைந்த தானியத்தைக் கண்ணால் கண்டே வாங்கினர். அவர்களுக்கு யாரும் தீங்கு இழைக்கவில்லை.

ஆனால் முதலில் வாங்கினார்களே, அவர்கள்? அவர்கள் வாங்கிய நாளில் அந்தத் துணியின் இயல்பு அவர்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. பின்னால் வந்த கட்டுரை அவர்களுடைய மனத்தாங்கலை ஆற்றியிருக்கலாம். முன்னால் சொல்லாமல் விட்டதை அது சொன்னதாக ஆக்காது. வாங்குகிறவர் பிற்பாடு குறையை விரும்பத் தொடங்கினார் என்பதாலேயே விற்றவரின் கடமை நிறைவேறிவிடாது. இதுவே நம் துணிபு.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று கூஃபா நகரத்தில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு நடந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் சட்டமேதை மட்டுமல்லர், துணி வணிகருமாவார். தம் பங்காளியான ஹஃப்ஸ் என்பவரிடம் துணிகளை அனுப்பியபோது, குறிப்பிட்ட ஓர் ஆடையில் குறை இருக்கிறது, வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள் என்று அறிவித்திருந்தார்கள். பங்காளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் தெரியவில்லை. இதை அறிந்த இமாமவர்கள் அச்சரக்கின் விலை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஓர் ஆடையின் விலையை மட்டுமன்று, முழு விலையையும்.

இரண்டிலும் எச்சரிக்கை தரப்பட்டது; இரண்டிலும் நடுவழியில் அது தொலைந்தது. இமாமவர்கள், ‘நான் சொல்லிவிட்டேன், மறந்தது அவர்’ என்று ஒதுங்கியிருக்கலாம். சட்டப்படி அது பொருந்தாத வாதமும் அன்று. ஆயினும் சொல் போய்ச் சேர வேண்டிய இடம் பங்காளியின் காதன்று, வாங்குகிறவரின் காது என்று அவர்கள் கொண்டார்கள். கடலோரத்தில் வாழும் நம்மில் பலர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சட்ட முடிவுகள் சிலவற்றில் நாம் வேறுபடுவோம். இந்த ஒரு செயலில் வேறுபட யாருக்கும் வழியிருப்பதாகத் தெரியவில்லை.

நூற்பவர், சாயம் தோய்ப்பவர், நெய்பவர், மொத்த வணிகர், கடைக்காரர், தையற்காரர் எனப் பல கைகள் மாறி வரும் துணியில், உடுத்துகிறவரை நேரில் காணும் கடைசி மனிதர் தையற்காரர். அவருக்கு முன்னிருந்தவர்கள் சொல்லாமல் விட்டதெல்லாம் அவரிடம் வந்து சேர்கிறது. அதனால்தான் நல்ல தையற்காரரை அவர் கத்தரிக்கோலைக் கொண்டு மட்டும் எடைபோடலாகாது என்கிறோம். துணியைத் தொட்டுப் பார்த்து, கஞ்சி ஏற்றிக் கனமாக்கியது இது, துவைத்தால் சல்லடையாகிவிடும் என்று சொல்கிறவர் நமக்கு நன்மை செய்கிறார். அப்படிச் சொன்னால் துணியோடு வாடிக்கையாளரும் திரும்பிப் போய்விடுவார் என்பதை அறிந்தே சொல்கிறார். மீந்த துணியைக் கேளாமலே மடித்துத் தருகிறவரும் அத்தகையவரே. அத்துணி அவரிடம் இருந்தது அமானத்தாக. அது ஒரு சாண் ஆனாலும் அமானத்துத்தான்.

உடுத்துகிறவருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. எதற்காக உடுத்துகிறோம் என்பதைத் தையற்காரரிடம் சொன்னால்தானே அவர் அதற்கேற்ப வெட்ட முடியும்? தொழுகிற மனிதனின் உடல் நிற்கிறது, குனிகிறது, நெற்றியை நிலத்தில் வைக்கிறது. சுஜூதில் முதுகுப் புறம் மேலேறிவிடாத நீளம் சட்டைக்கு வேண்டும். ஒளுச் செய்யும்போது முழங்கைக்கு மேல் தடையின்றி மடித்து ஏற்றும்படி மணிக்கட்டுத் திறப்பு அகன்றிருக்க வேண்டும். கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்கும்போது மட்டும் பொருந்தும் ஆடை நமக்குத் தைத்த ஆடையன்று. துணி நல்லதா என்று பார்ப்பவர் அதைத் திருப்பிப் பார்க்கட்டும். நூலிலேயே சாயம் தோய்த்து நெய்த கட்டத் துணிக்கு உள்புறம், வெளிப்புறம் என்ற வேறுபாடு இராது. மேலே அச்சிட்டதாக இருந்தால் பின்புறம் வெளிறிக் காட்டிவிடும். தங்கப் பொத்தானும் முழுப் பட்டும் ஆண்களுக்கு ஆகாதவை என்பது யாவரும் அறிந்ததே. வெளியே பட்டு மின்ன, உடலில் படும் உட்புறத்தில் பருத்தி அமையுமாறு நெய்து, மார்க்கம் அனுமதித்தது என்னும் பொருளில் மஷ்ரூ என்று பெயரிட்ட துணியும் நம் நாட்டில் உண்டு. அதைச் சூழ்ச்சி என்று சிலர் நகைப்பர். உள்ளே இன்னது, வெளியே இன்னது என்று பெயரிலேயே சொல்லிவிடும் துணியை நாம் நகைக்க மாட்டோம்.

இவ்வளவும் எழுதும் நாம் எப்போதும் இப்படி நடந்துகொண்டதில்லை. ஒரு ரமளானின் கடைசி நாட்களில், சிவப்புக் கட்டம் போட்ட கைத்தறித் துணியோடு ஒரு தையற்காரரிடம் போய் நின்றோம். பெருநாளுக்கு இரண்டே நாள் இருந்தது. துணியை வாங்கிப் பிரித்த அவர் முதலில் கேட்டது அளவையன்று.

“நனைச்சுக் காயப் போட்டீங்களா, தம்பி?”

அதற்கெல்லாம் நேரமில்லை, கூலி கூடத் தருகிறோம் என்றோம். அவர் விடையளிக்காமல் துணியின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் கத்தரித்து, குவளைத் தண்ணீரில் தோய்த்து, ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்து அழுத்தினார். துண்டு சிவந்தது.

“இப்பவே வெட்டித் தந்துடுவேன். கூலியும் கிடைக்கும். முதல் சலவையில கை ஒரு அங்குலம் ஏறிடும். கூடத் துவைக்கிற வெள்ளையெல்லாம் இந்த நிறமாயிடும். தெரிஞ்சே தைக்கச் சொன்னா தைக்கிறேன்.”

நமக்குக் கோபமே வந்தது. நோன்பின் களைப்பும் அதற்குத் துணை நின்றது. துணியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வேறு கடை தேடினோம். அந்த நேரத்தில் எவரும் ஏற்கவில்லை. பெருநாள் தொழுகைக்குப் பழைய சட்டையோடுதான் போனோம். பெருநாள் கழிந்து, உப்பிட்ட தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்த துணியோடு அவரிடமே திரும்பச் சென்றபோது, நடந்ததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சட்டை தயாராயிற்று. இன்னும் மூன்று சலவைக்குத் தண்ணீர் சிவக்கும், தனியாகவே துவையுங்கள் என்று சொல்லி, மீந்த துணியையும் சேர்த்து மடித்துக் கொடுத்தார். மூன்று சலவைக்குச் சிவந்தது.