பிறர் மொழியில் ஒரு மனத்தை அறிதல்

எலும்பு முறிந்தவருக்குச் சிகிச்சை செய்ய அவருடைய தாய்மொழி மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எக்ஸ்ரே படம் எந்த நாட்டில் எடுத்தாலும் ஒன்றையே காட்டும். மனநோய் மருத்துவருக்கு அப்படிப்பட்ட படம் ஏதும் கிடையாது. நோயாளி சொல்லும் சொல், சொல்லாமல் விழுங்கும் சொல், சொல்லும்போது குரலில் நேரும் தடுமாற்றம் ஆகியவைதாம் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் சான்றுகள். அப்படியிருக்க, ஒரு நாட்டில் பயின்று, வேறொரு நாட்டுக்குச் சென்று, தமக்கு அந்நியமான மொழி பேசும் மக்களின் மனத்துக்கு மருந்து தேடப் புறப்படுகிறாரே ஒருவர், அவர் செய்வது சேவையா? துணிச்சலா? அல்லது நல்லெண்ணத்தோடு இழைக்கப்படும் ஒரு தீங்கா?

இந்தக் கேள்வி நமக்குப் புறம்பானதன்று. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948-இல் தொடங்கியது முதலே வெளிநாட்டு மருத்துவர்களைப் பெரிதும் நம்பி வந்திருக்கிறது. உள்ளூர் மருத்துவர்கள் அதிகம் விரும்பாத முதியோர் மருத்துவத்திலும் மனநல மருத்துவத்திலும் இந்தியத் துணைக்கண்டத்தவர் பெருமளவில் சேர்ந்தனர். புனேயிலுள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற தினேஷ் புக்ரா, 2008 முதல் 2011 வரை அந்நாட்டு மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரிக்குத் தலைவராகவே இருந்தார். அயல்நாடுதான் வேண்டும் என்பதில்லை. ராஞ்சி மருத்துவமனையில் முண்டாரி மட்டும் பேசும் ஒரு தாயின் எதிரே அமரும் தமிழ் மருத்துவரும் இதே நிலையில்தான் இருக்கிறார்.

விடையை ஆராய்வதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி பெரிதும் உதவும். 1953 நவம்பரில் ஃப்ரான்ஸ் ஃபனான் என்ற 28 வயது மருத்துவர், அல்ஜீரியாவில் பிளிடா என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவர் கரீபியக் கடலிலுள்ள மார்டினிக் தீவில் பிறந்தவர். பிரான்சின் லியோன் நகரில் மருத்துவம் படித்தவர். அல்ஜீரியா அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்குள்ள மக்களின் அரபு மொழியும் அவருக்குத் தெரியாது. கபில் மொழியும் தெரியாது. அவருடைய பொறுப்பில் ஐரோப்பியப் பெண்கள் 165 பேர் ஒரு பகுதியிலும், முஸ்லிம் ஆண்கள் சுமார் 220 பேர் மற்றொரு பகுதியிலும் இருந்தனர்.

நோயாளிகளை அடைத்து வைப்பதால் பயனில்லை, மருத்துவமனையே ஒரு சிறு சமூகமாக இயங்க வேண்டும் என்பது ஃபனான் கற்றுவந்த பாடம். அதன்படி வாராந்தரக் கூட்டங்கள், பண்டிகைக் கொண்டாட்டம், திரைப்படம், கைத்தொழில், நோயாளிகளே எழுதும் ஒரு பத்திரிகை என எல்லாவற்றையும் தொடங்கினார். பெண்கள் பகுதியில் விரைவிலேயே மாற்றம் தெரிந்தது. ஆண்கள் பகுதியிலோ ஒன்றும் அசையவில்லை. கூட்டத்துக்கு அழைத்தால் வந்தார்கள், மௌனமாக அமர்ந்திருந்தார்கள், எழுந்து போனார்கள். கூடை முடையச் சொன்னால் கை நீளவில்லை.

இந்த இடத்தில் எளிதான விளக்கம் ஒன்று தயாராகக் காத்திருந்தது. அல்ஜியர்ஸ் நகரின் மருத்துவ அறிஞர்கள் சிலர், வட ஆப்பிரிக்கருடைய மூளையின் அமைப்பே தாழ்ந்தது என்று நூல்களில் எழுதிவைத்திருந்தனர். ஃபனான் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. 1954-இல் தம் மாணவர் ஜாக் அஸூலேயுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முறை தோற்றதற்குக் காரணம் நோயாளிகள் அல்லர், அவர்களுடைய வாழ்வை அறியாமல் ஐரோப்பிய வாழ்வை அவர்கள்மேல் சுமத்திய தாங்களே என்று அதில் எழுதினார்கள். கூடை முடைவது அந்த ஆண்களின் பார்வையில் பெண்களின் வேலை. மேடை நாடகம் அவர்கள் அறியாதது. ஊர் ஊராக வரும் கதைசொல்லிதான் அவர்கள் அறிந்த கலைஞர்.

அக்கட்டுரையில் மொழிபெயர்ப்பாளரைப் பற்றி வரும் பகுதி இன்றும் சிந்திக்கத்தக்கது. அல்ஜீரியக் குடியானவன் தன் வாழ்நாளில் மொழிபெயர்ப்பாளரைச் சந்தித்தது எங்கே? நீதிமன்றத்தில், அரசு அலுவலகத்தில். அதே ஆள் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே வந்து நின்றதும் அந்த அறை மருத்துவரின் அறையாக இருப்பதை விட்டு விசாரணைக் கூடமாகிவிடுகிறது. கேள்வி சரியாகவே மொழிபெயர்க்கப்பட்டிருக்கலாம். ஆயினும் அதற்கு வரும் விடை, நீதிபதிக்குச் சொல்லும் விடை.

பிறகு ஃபனான் மாற்றிக்கொண்டார். கூடைக்குப் பதிலாக மண்வெட்டி கொடுத்தார். உழவர்களாக இருந்தவர்கள் தோட்டத்தில் இறங்கினார்கள். மருத்துவமனைக்குள்ளேயே அம்மக்கள் வழக்கமாகக் கூடும் காபிக்கடை ஒன்று அமைந்தது. அவர்களுடைய பண்டிகைகள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி வரவழைக்கப்பட்டார். மொழி வேலியை அவர் முழுவதும் தாண்டினார் என்று சொல்வதற்கில்லை. 1956-இல் பதவியைத் துறந்தார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1961-இல் 36 வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். போராட்டக்காரர் ஃபனானை உலகம் நன்கு அறியும். தம் கல்வி பயன்படாதபோது நோயாளியைக் குற்றம் சொல்லாமல் கல்வியைத் திருத்திக்கொண்ட மருத்துவர் ஃபனானை அந்த அளவுக்கு அறியவில்லை என்பது என் குறை.

அவருக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்த ஆசிரியரும் ஓர் அந்நியரே. பிரான்சுவா டோஸ்கெல், ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியைச் சேர்ந்தவர். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் மருத்துவராகப் பணியாற்றி, 1939-இல் பிரனீஸ் மலையைக் கடந்து பிரான்சுக்குள் அகதியாக வந்தார். செட்ஃபோன் அகதி முகாமின் சேற்றுக்கு நடுவே மனநோய்ச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1940 ஜனவரியில் சென் அல்பான் என்ற மலைக் கிராமத்தின் மருத்துவமனைக்கு அழைக்கப்பட்டார். அவருடைய ஸ்பானியப் பட்டம் அங்கே செல்லாது. அனுபவமிக்க மருத்துவராகிய அவர் கீழ்நிலைப் பணியாளராகச் சேர்ந்து, பிரெஞ்சு மருத்துவப் படிப்பை மறுபடியும் படித்து, 1948-இல்தான் ஆய்வேட்டை முடித்தார். இன்று வெளிநாடு சென்று, கற்றதையே மீண்டும் எழுதித் தேர்வு பெறக் காத்திருக்கும் நம் இளம் மருத்துவர்கள் இதை அறிந்தால் சற்று ஆறுதல் பெறக்கூடும்.

அந்தப் போர்க்காலத்தில் பிரான்சின் மனநோய் மருத்துவமனைகளில் சுமார் 40,000 நோயாளிகள் பசியாலும் அதன் விளைவுகளாலும் மடிந்தார்கள். சென் அல்பானில் அந்த அவலம் நேரவில்லை. நோயாளிகளும் கன்னியர்களும் பணியாளர்களும் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குச் சென்று, உழைப்பைக் கொடுத்து உணவைப் பெற்றுவந்தனர். அந்த ஏற்பாட்டுக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் நாடிழந்த அந்த அகதி. அவருடைய பிரெஞ்சில் கட்டலான் சாயல் கடைசிவரை மாறவில்லை. மாற்றிக்கொள்ள அவரும் முயலவில்லை. மனநோய் மருத்துவர் அந்நியராக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் அந்நியர்போல் நடந்துகொள்ளவாவது வேண்டும் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஆழ்ந்த உண்மை உண்டு. மொழியை அரைகுறையாக அறிந்தவர், ‘நீங்கள் சொன்னதற்கு என்ன பொருள்?’ என்று கேட்டே ஆகவேண்டும். மொழியை முற்றும் அறிந்தவர் கேட்பதில்லை; புரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

நம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். அந்நியராக இருப்பது குற்றமன்று. அறியாததை அறிந்ததாகக் கொள்வதே குற்றம். அதைப் பன்மொழி அறிந்தவரும் செய்யக்கூடும். அவருக்கே அந்த ஆபத்து அதிகம்.

இது வெறும் அறவுரை அன்று, நடைமுறையில் ஆராயப்பட்டிருக்கிறது. 1970-இல் டெல் காஸ்டில்லோ என்ற மருத்துவர், அமெரிக்காவில் வாழ்ந்த வெளிநாட்டு நோயாளிகள் சிலர் தாய்மொழியில் பேசும்போது நோய் கடுமையாக வெளிப்படுவதையும், ஆங்கிலத்தில் பேசும்போது அது மறைந்துபோவதையும் கவனித்து எழுதினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், நியூயார்க்கில் லூயிஸ் மார்க்கோஸும் அவருடைய குழுவினரும் ஸ்பானிய மொழி பேசும் மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்தபோது நேர்மாறாகக் கண்டனர். அதே நோயாளிகள் ஆங்கிலத்தில் பேசும்போதே அதிக நோயுற்றவர்களாக மதிப்பிடப்பட்டனர். அந்நியமொழியில் சொல் கிடைக்காமல் தயங்குவது, நோயின் தயக்கம்போல் மருத்துவருக்குத் தோன்றியிருக்கலாம். இரண்டில் எது சரி என்று வாதிடுவதைவிட, இரண்டும் நேரக்கூடும் என்று அஞ்சி நடப்பதே மருத்துவருக்கு அழகு.

மொழி தெரிந்தாலும் சொல் கைநழுவும். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரில் குடியேறிய பஞ்சாபியர், தங்கள் துயரத்தை இதயம் உள்ளே தாழ்ந்து போவதாகச் சொல்வதை 1989-இல் இங்கா பிரிட் க்ராஸ் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதினார். சொல்லை மட்டும் பெயர்த்தால் இதயநோய் ஆகிவிடும். மனச்சோர்வு என்று எழுதினாலும், அதில் கலந்திருக்கும் மானமும் குடும்பக் கவலையும் விடுபட்டுப்போகும். ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘வயிறு எரிகிறது’ என்று நம் தாய்மார்கள் சொல்வதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் உடனே விளங்கும்.

எல்லோரும் தாய்மொழியில்தான் மனம் திறப்பார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பேச்சினாலேயே சிகிச்சை என்ற முறைக்கு முதன்முதலில் பெயரிட்டவர், ஜோசஃப் ப்ராயரிடம் 1880-82 காலத்தில் சிகிச்சை பெற்ற வியன்னா நகரப் பெண்மணி. நோயின் ஒரு கட்டத்தில் அவர் தம் தாய்மொழியாகிய ஜெர்மனைப் பேச இயலாமல் ஆங்கிலத்திலேயே பேசினார். அந்தப் பெயரையும் ஆங்கிலத்தில்தான் வைத்தார். தாய்மொழியில் தாயின் கண்டிப்பும் ஊராரின் ஏளனமும் சேர்ந்தே ஒலிக்கும். அடுத்த வீட்டாரிடம் சொல்லக் கூசும் செய்தியை ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்த முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஆகவே, ‘நானும் உங்கள் மொழிக்காரன்தான்’ என்று மருத்துவர் உரிமையோடு நெருங்குவதுகூடச் சிலரை வாய்மூடச் செய்துவிடும். எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளும்படி காத்திருப்பவரே உண்மையில் பன்மொழி அறிந்தவர்.

இதுவரை சொன்னது, சென்ற இடத்தில் உள்ள கடமை. விட்டுவந்த இடத்தில் உள்ள கடமை என்னவாகிறது?

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, பிரிட்டன் ஒரு சர்வதேசத் திட்டத்தைத் தொடங்கி, அனுபவமிக்க மனநல மருத்துவர்களை இந்தியாவிலிருந்தும் அழைக்கலாயிற்று. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது மனம் கலங்குகிறது. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16-இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர்வரை சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது.

அந்தத் திட்டத்தை 2003-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலேயே வன்மையாகக் கண்டித்தவர் விக்ரம் படேல். ஏழை நாடுகளின் அறிவுச்செல்வத்தைக் கொள்ளையடிப்பதா என்பது அவர் கேள்வி. கேட்கத் தகுதியுள்ளவரும் அவரே. மும்பையில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டனிலும் பயின்ற அவர், 1990-களில் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் அந்நியராகப் பணியாற்றினார். மனச்சோர்வுக்கு அங்குள்ள ஷோனா மொழியில் நேர்ச்சொல் இல்லை. ‘அளவுக்கு மீறி நினைத்துக்கொண்டே இருத்தல்’ என்ற பொருளில் குஃபுங்கிசிசா என்கிறார்கள். ஐரோப்பிய வினாப்பட்டியலை மொழிபெயர்க்காமல், அம்மக்களின் சொற்களிலிருந்தே அவரும் உடன்பணியாற்றியவர்களும் புதிய வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். பின்னர் அவர் கோவாவில், 1996-இல் நிறுவப்பட்ட சங்காத் அமைப்பின் வழியே, மருத்துவர் அல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியளித்து அவர்களைக் கொண்டு மனநோயாளிகளுக்கு உதவினார்.

வெளிநாடு சென்ற மருத்துவரை நன்றி மறந்தவர் என்று தூற்றுவோரோடு நான் உடன்படவில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் பணியிடமே இல்லாமலும், இருந்தாலும் மருந்தும் உதவியாளரும் இல்லாமலும் வைத்திருக்கும் அரசுகளை விட்டுவிட்டுத் தனிமனிதரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து மருத்துவர்களைத் தேடி அழைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வகுத்த நெறிமுறையும் நாடுகளை நோக்கியே பேசுகிறது; அதுவும் கட்டாயமன்று. ஆனால், ‘என் திறமை என் சொத்து, அதில் யாருக்கும் பங்கில்லை’ என்ற வாதத்தையும் ஏற்க இயலவில்லை. பொதுப்பணத்தில் கட்டிய கல்லூரியில், ஏழை நோயாளிகள் தங்கள் துயரத்தைத் திறந்து காட்டியதால்தான் அந்தத் திறமை உருவாயிற்று. அந்த நோயாளிகளின் மொழி அவரிடம் இன்னும் இருக்கிறது. ஆண்டுக்குச் சில வாரங்களேனும் அந்த மொழியில் கற்பிப்பதும், தொலைவிலிருந்தே இளையவர்களுக்கு வழிகாட்டுவதும் இன்று இயலாத காரியங்கள் அல்ல.

டோஸ்கெல் பிரெஞ்சுக் குடிமகனாகி, பிரான்சிலேயே வாழ்ந்து, 1994-இல் அங்கேயே மறைந்தார். ஆனால் 1960-களின் பிற்பகுதியில், ஸ்பெயினில் பழைய சர்வாதிகார ஆட்சி நீடித்துக்கொண்டிருந்தபோதே, தாம் இளமையில் பணிபுரிந்த ரேயூஸ் நகரின் பேரே மாத்தா மருத்துவமனைக்கு மீண்டும் வரத் தொடங்கினார். எல்லையைத் தாண்டி வந்து, சில நாட்கள் தங்கி, அங்குள்ள மருத்துவர்களோடும் செவிலியரோடும் பேசிவிட்டுத் திரும்புவார். பல ஆண்டுகள் இப்படி வந்து போனார்.