மிளகு தக்காளி என்ன குற்றம் செய்தது?

குலசேகரன்பட்டினத்தில் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் நாலு பாத்தி வெண்டை. போன கோடையில் போனபோது இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாக ஓடி, காய் வெளுத்துக் கிடந்தது. மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்க வேண்டியதுதான்.

நான் மென்பொருள்காரன். கோளாறு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது. தேடினால், வேளாண் பரிந்துரைகள் வரப்பைக் கை காட்டுகின்றன. வெண்டை இல்லாத காலத்தில் ரயில்பூண்டு இந்த வைரஸுக்கு மாற்று வீடு. துத்தியும் மிளகு தக்காளியும் (மற்ற ஊர்களில் மணத்தக்காளி) பருத்தி வெள்ளை ஈக்கு இடம் தருபவை, அகற்றுக. வெண்டையில் உட்காருவதும் அதே ஈதான்.

மண்வெட்டியோடு இறங்கினேன். ரயில்பூண்டு போகும்வரை ஆச்சி பேசவில்லை. மிளகு தக்காளியில் கை வைத்ததும் ஆரம்பித்துவிட்டாள். "ஏல, அது என்னல செஞ்சிச்சு? வாய்ப்புண்ணுக்கு அதைத் தின்னுதான வளந்த?"

வள்ளுவர் செங்கோன்மையில் கொலைகாரரைத் தண்டிப்பதைக் களையெடுப்போடு ஒப்பிடுகிறார். அங்கே களைக்குக் குற்றம் இருக்கிறது. ஆனால் வரப்பில் நிற்கிற செடி எந்தக் கொலையும் செய்யவில்லை. ஈ வந்தது, உட்கார்ந்தது, அவ்வளவுதான். 2003-இல் ஈரானில் திராட்சையின் விசிறி இலை வைரஸை அருகம்புல்லில் கண்டுபிடித்தார்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு! திராட்சைக்காரனுக்கு அது சந்தேகக் கேஸ்.

நியூயார்க் சமையல்காரி மேரி மல்லான் ஞாபகம் வந்தது. டைஃபாய்டு கிருமியைச் சுமந்தார், தனக்கு ஒன்றுமில்லை. 1907-இல் பிடித்துத் தனியே அடைத்தார்கள். 1910-இல், இனி சமைப்பதில்லை என்ற உறுதியின் பேரில் விட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைத்தார். 1915-இல் மீண்டும் பிடித்து, 1938-இல் சாகும்வரை தீவில் வைத்தார்கள். முதல் முறை அடைத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டாம் முறை அவ்வளவு உறுத்தவில்லை, ஏனென்றால் அப்போது அவரிடம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. (அவர் கடைசிவரை நம்பவில்லை என்பது வேறு.)

செடியிடம் சொல்ல முடியாது. ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். இங்கேதான் சிக்கல். அடுத்த விளைக்காரருக்கு வெண்டைதான் வருமானம், எங்களுக்கு அது குழம்புக்கு. நேற்றுவரை எங்கள் வரப்பிலிருந்து ஈ போயிருந்தால் அது இயற்கை. இன்று போனால்? தெரிந்தும் விட்டு வைத்த ஆள் நான். செடிக்கு இல்லாத குற்றம் எனக்கு வந்துவிட்டது. ஆச்சியோ கீரையை விடமாட்டாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது: வைரஸுக்கு வீடு கொடுப்பது வேறு, ஈ உட்கார இடம் கொடுப்பது வேறு. அப்படிப் பார்த்தால் தேமல் கண்ட வெண்டையைக் காய் ஆசையில் நாலு வாரம் பிடுங்காமல் வைத்திருந்ததுதான் பெரிய தப்பு. அதைச் செய்ததும் நாங்கள்தான்.

கடைசியில் துவைகல் பக்கம் ரெண்டு மூடு மட்டும் விட்டேன். "அது போதும்ல," என்றாள்.

கிளம்புகிற அன்று காலை அதில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அஞ்சாறு ஈ எழுந்து, காற்றில் அடுத்த விளைப் பக்கம் போனது.