குழந்தையிடம் பொய் சொல்லலாமா?

பொய் பேசுதல் தீது என்பதை அறியாதவர் நம்முள் ஒருவரும் இலர். ஆயினும், அழுகின்ற குழந்தையை அடக்குவதற்காகச் சொல்லும் பொய்யைப் பொய்யின் கணக்கில் சேர்ப்பவர் மிகச் சிலரே. முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய நானும் அதனைக் கணக்கில் சேர்த்தவள் அல்லள். எழுபத்து மூன்றாம் வயதில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவில் அமர்ந்தபோதுதான் அக்கணக்கைப் பார்க்க நேர்ந்தது.

ஆரணியில் என் தம்பி மகன் மளிகைக் கடை நடத்தி வருகிறான். வாங்குவோரே அடுக்குகளிலிருந்து பொருள்களைக் கூடையில் எடுத்து வந்து பணம் செலுத்தும் புதுமுறைக் கடை அது. கல்லாவில் அமரும் அவன் மனைவி பேறுகாலத்திற்காகத் தாய்வீடு சென்றிருந்த மூன்று மாதங்கள், மாலை வேளைகளில் நான் அவ்விடத்தில் அமர்ந்தேன்.

கல்லாவை ஒட்டியே மிட்டாய் அடுக்கு இருந்தது. வரிசையில் காத்து நிற்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அதனை வைப்பது வணிகர் அறிந்த உத்தி. ஆகவே, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே எழும் வழக்குகள் பெரும்பாலும் என் கண்ணெதிரிலேயே நடந்தன. கேட்டவுடன் வாங்கிக் கொடுப்போரும் உண்டு. கையில் அடித்துப் பிடுங்கி வைப்போரும் உண்டு. இவ்விரு சாராரையும் விட மிகுதியாக நான் கண்டவர்கள், பொய் சொல்லித் தப்பித்துக் கொள்பவர்களே.

“எடுக்காதே, அந்தப் பாட்டி அடிப்பாங்க” என்பது ஒரு பொய். யாரையும் அடித்தறியாத நான் இப்படிப் பல பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி ஆனேன். “நாளைக்கு வாங்கித் தரேன்” என்பது மற்றொன்று. அந்த நாளை பெரும்பாலும் வருவதில்லை. “அப்பாகிட்ட காசே இல்லைடா” என்பது மூன்றாவது. ஒருநாள் இவ்வாறு சொன்ன தந்தை, அடுத்த நொடியே கைப்பேசியால் பணம் செலுத்தினார். கல்லாவின் மேலிருந்த சிறு பெட்டி, ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் வந்து சேர்ந்ததாக உரத்த குரலில் அறிவித்தது. சிறுவன் முதலில் பெட்டியைப் பார்த்தான். பிறகு தந்தையைப் பார்த்தான்.

இவற்றையெல்லாம் கண்டு உள்ளத்தில் குறை கூறிக் கொண்டிருந்த நானே ஒருநாள் அக்குற்றத்தைச் செய்தேன். என்னிடம் மூன்றாம் வகுப்பில் பயின்ற பெண்ணொருத்தி, தன் ஆறு வயது மகனுடன் வந்திருந்தாள். உள்ளே பொம்மை வைத்த முட்டை வடிவ மிட்டாய் ஒன்றைக் கையில் எடுத்துக் கொண்டு அவன் பிடிவாதம் செய்தான். அவள் என்னை நோக்கிக் கண்சாடை காட்டினாள். நானும், “அது விற்கிறதுக்கு இல்லை கண்ணா, சும்மா பார்வைக்கு வெச்சிருக்கோம்” என்றேன். ஆசிரியை சொன்னால் பிள்ளை நம்பும் அன்றோ? நம்பினான், வைத்துவிட்டான். தாய் வண்டியில் பைகளை மாட்டிக் கொண்டிருக்க, அவன் வாயிற்படியில் நின்று திரும்பிப் பார்த்த வேளையில், அடுத்து நின்றவர் அதே மிட்டாயில் இரண்டை எடுத்து வைத்தார். நான் பில் போட்டேன். பிள்ளை அழவில்லை. என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் செய்தது பிழையா? குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மைக்குச் சமமாகும் என்று வள்ளுவப் பெருந்தகை வழி காட்டியுள்ளாரே எனச் சிலர் கேட்கலாம். நானும் அதனையே எண்ணிப் பார்த்தேன். ஆனால் அந்தப் பொய்யால் நன்மை பெற்றவர் யார்? மிட்டாய் தின்னாததால் பிள்ளையின் பல்லுக்கு நன்மை எனலாம். அந்நன்மை “வேண்டாம்” என்ற உண்மைச் சொல்லாலும் கிடைத்திருக்கும். பொய்யினால் மட்டுமே கிடைத்த நன்மை, தாய்க்கும் எனக்கும் மிச்சமான ஐந்து நிமிடத் தொல்லைதான். நம் வசதியைப் பிள்ளையின் நன்மை என்று பெயர் மாற்றி வைத்துக் கொண்டோம்.

இல்லறத்தார் விலக்க வேண்டியது பெரும்பொய்யைத்தானே, இது சிறுபொய் அன்றோ என்றும் கேட்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த மிட்டாய் சிறு பொருள் அன்று. எனவே அதனைப் பற்றிய பொய்யும் அவனளவில் சிறிதன்று. மேலும், தான் பொய் சொல்லாதிருப்பதோடு பிறரைச் சொல்லச் செய்யாதிருப்பதையும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் வாய்மை விரதத்துள் அடக்கியுள்ளார். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் நாம் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கல்லாவின் முன் தாய் செய்வித்தாள், நான் செய்தேன், வரிசையில் நின்றோர் புன்னகையால் உடன்பட்டனர்.

கல்வியியல் பயிலும் என் பேத்தியிடம் இதனைக் கூறினேன். அவள் இரண்டு ஆய்வுகளைப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டது ஒன்று. 3 முதல் 5 வயது வரையுள்ள 28 பிள்ளைகளில் பாதிப் பேரிடம், நல்ல வண்ணக்கோல்கள் கொண்டு வருவதாகச் சொல்லி அவ்வாறே கொண்டு வந்தனர். மறுபாதியினரிடம் சொல் தவறினர். பின்னர், சிறிது பொறுத்தால் இரண்டாவது மிட்டாய் கிடைக்கும் என்று எல்லோரிடமும் கூறினர். சொல் காக்கப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் பொறுத்ததோ 3 நிமிடம். “நாளைக்கு” என்று சொல்லி மறந்துவிடும் பெற்றோர், பிள்ளைக்குப் பொறுமையில்லை என்று யாரை நோவது?

மற்றொன்று சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 3 முதல் 7 வயது வரையுள்ள 186 பிள்ளைகளுள் ஒரு சாராரிடம், அடுத்த அறையில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருப்பதாகப் பொய் சொல்லி, அது பொய்யென்பதையும் தெரிவித்தனர். பிறகு எல்லோரிடமும், ஒரு பொம்மையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் தனியே விட்டனர். பொய் சொல்லப்படாத பள்ளி வயதுப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும், சொல்லப்பட்டவருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரும் எட்டிப் பார்த்தனர். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று பொய் சொன்னவர்களிடமும் இத்தகைய வேறுபாடே காணப்பட்டது. மழலைப் பருவத்தினரிடம் இவ்வேறுபாடு இல்லை. பள்ளிக்குச் செல்லும் வயது வந்தால் பிள்ளை கணக்கு வைக்கத் தொடங்கிவிடுகிறது என்று நான் பொருள் கொண்டேன்.

எட்டு நாள் கழித்து அத்தாயும் மகனும் மீண்டும் வந்தனர். “அன்னிக்குப் பாட்டி சொன்னது பொய். அது விற்கிறதுக்குத்தான். அம்மா வேண்டாம்னு நினைச்சாங்க, அதைச் சொல்லாம நான் தப்பா சொல்லிட்டேன்” என்று பிள்ளையிடம் கூறினேன். அவன் தலையசைத்தான். தாயின் முகம் சிவந்தது. “டீச்சர், நீங்க சொல்றது சரிதான். பின்னால பத்துப் பேர் நிக்கும்போது இவன் கத்தினா நான் என்னதான் செய்யறது?” என்றாள். அவள் கேள்வி நேர்மையானது. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் பெண்ணிடம், பொறுமையாக இரு என்று சொல்வது எளிது. நான் அன்று அவளுக்கு மறுமொழி கூறவில்லை.

மறுமொழியைச் சில நாள் கழித்துக் கட்டட வேலை செய்யும் ஒருவர் கூறினார். அவருடைய சிறு மகளும் அதே அடுக்கில்தான் கை வைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த பணத்தை மேடைமேல் வைத்து அவள் எதிரிலேயே எண்ணினார். “இது அரிசிக்கு, இது எண்ணெய்க்கு. மிச்சம் பார், பஸ்ஸுக்குத்தான் சரியா இருக்கு” என்றார். பெண் சிணுங்கினாள், அவர் மிரட்டவில்லை, நாளை என்றும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் இரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். அவள் தானே அதனைத் திருப்பி வைத்தாள். எல்லாப் பிள்ளையும் இப்படிக் கேட்டுக் கொள்ளும் என்று நான் கூறவில்லை. சில பிள்ளைகள் அழவே செய்யும். அந்த அழுகையைச் சிறிது பொறுத்துக் கொள்வதே பெற்றோர் வாய்மைக்குச் செலுத்தும் விலை.

பணம் உடையோரும் “காசு இருக்கிறது, ஆனால் இது தேவையில்லை” என்று சொல்லலாமே. மிகுபொருள் விரும்பாமையைப் பிள்ளைக்குக் கற்பிக்க அதனினும் நல்ல இடம் ஏது? இல்லை என்ற பொய்யால், இருந்தால் எல்லாம் வாங்கலாம் என்பதைத்தானே கற்பிக்கிறோம்?

வரிசையில் நிற்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்னே ஒரு தாயோ தந்தையோ பிள்ளைக்கு உண்மையை எடுத்துச் சொல்லிக் கொண்டிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அவர்களுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள்.