பிடிமானம்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி பின்னிருக்கையைப் பற்றியது. அங்கே உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும், அவருடைய உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் தடுப்பும் வேண்டும் என்கிறது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. கடைத்தெரு அந்தத் தடுப்புக்கு வைத்த பெயரில் இருக்கிறாள்: சாரி கார்டு. பின்சக்கரத்துக்கும் பெண்ணுக்கும் நம் சமூகம் யோசித்து வைத்திருக்கும் உறவு அவ்வளவுதான். அவள் அதன் மேல் ஒருக்களித்து உட்காருவாள், அது அவள் முந்தானையை இழுத்துவிடக் கூடாது. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. முந்தானை சிக்கி விழுந்தவர்களை எல்லா ஊரும் அறியும். அந்தச் சக்கரத்துக்கு எந்த டயர் போடுவது என்று ஒரு பெண் முடிவு செய்ய வேண்டி வந்தால் என்ன ஆகிறது என்பதுதான் நான் இங்கே எழுத நினைப்பது.

என்னிடம் இருப்பது கவாஸாகி இஸட் 900. 2018ஆம் ஆண்டு வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது. 948 சிசி, ஏறக்குறைய 125 குதிரைத்திறன், எடை இருநூறு கிலோவுக்குச் சற்று மேல். டிராக்ஷன் கண்ட்ரோல் வருவதற்கு முந்தைய மாடல். எனவே ஆக்சிலேட்டரை அதிகம் முறுக்கினால் பின்சக்கரம் வழுக்காமல் தடுக்க வண்டிக்குள் யாரும் இல்லை, என் வலது மணிக்கட்டு மட்டுமே. டயரின் பக்கவாட்டில் 180/55 இஸட்ஆர் 17 என்றும், பக்கத்தில் 73டபிள்யூ என்றும் எழுதியிருக்கும். அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 17 அங்குலம், சுமை 365 கிலோ வரை, வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை. தயாரான வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களாக அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சுவடிக்குக் காலம் கணிப்பதைவிட இது எத்தனை சுலபம் என்று ஆய்வு மாணவிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இவ்வளவு திறனும் சாலையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவு இடத்தில். அந்த உள்ளங்கைக்குக் கிடைக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. வளைவில் சாய்வதற்கும் அதிலிருந்துதான் செலவு, வேகம் கூட்டுவதற்கும் அதிலிருந்துதான், பிரேக்குக்கும் அதிலிருந்துதான். முழுச் சாய்வில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்ட ஒருத்தி அதே நொடியில் ஆக்சிலேட்டரையும் முறுக்கினால் கடன் கொடுக்க ஆளில்லை.

டயர் வாங்குவதில் இருக்கும் சிக்கலும் இதை ஒட்டியதுதான். மென்மையான ரப்பர் சாலையைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்துபோகும். கடினமானது நெடுநாள் உழைக்கும், சாய்வில் அவ்வளவு ஒட்டாது. இரண்டையும் சமரசப்படுத்த, நடுப்பகுதியில் கடினமாகவும் ஓரங்களில் மென்மையாகவும் ஒரே டயரில் இரண்டு கலவைகளை வைக்கிறார்கள். ஈரச் சாலைக்காக சிலிக்கா சேர்க்கிறார்கள். பலர் கவனிக்காத ஒன்று உண்டு: பந்தயத் தடத்துக்கான டயர், சூடேறினால்தான் பிடிக்கும். பால்காரர் வரும் நேரத்தில் ஊருக்குள் அறுபதில் போகிறவளுக்கு அந்த விலையுயர்ந்த டயர், சாதாரண டயரைவிட மோசமான பிடியையே தரலாம். அகலத்துக்கும் இதே கதை. 180க்கான ஐந்தரை அங்குல ரிம்மில் 200ஐத் திணித்தால் டயர் நெருக்குண்டு அதன் வளைவு மாறிவிடும், வண்டி திரும்பச் சோம்பும். ஆனாலும் திணிக்கிறார்கள். பின்னால் வருபவன் பார்க்க வேண்டுமே.

ஆக, எது நல்ல டயர் என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் இல்லை. நீ எப்படி ஓட்டுகிறாய் என்ற கேள்விக்கு உண்மையாகப் பதில் சொன்ன பிறகே அது தொடங்குகிறது. பெண்களுக்கோ அந்தக் கேள்வி வந்து சேர்வதே இல்லை, பதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

கோயம்புத்தூரில் நான் போன கடையில் உரிமையாளர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க மெதுவாத்தான ஓட்டுவீங்க மேடம், உங்களுக்கு இதுவே ஜாஸ்தி.” இருப்பதிலேயே கடினமான டயரைக் காட்டினார். அவர் குரலில் மரியாதைக்குக் குறைவில்லை, அதுதான் தொல்லை. அப்போது எனக்குள் எழுந்த பதிலும் எனக்கு உவப்பானது இல்லை. இருப்பதிலேயே ஆவேசமான டயரை எடுத்துக் காட்டு என்று சொல்லத் தோன்றியது. அவர் சொன்னதை வாங்கினாலும், அவரை மறுப்பதற்காக வாங்கினாலும் டயரைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

சிக்கலை அவிழ்த்தது கடையில் வேலை செய்யும் பையன். குந்தி உட்கார்ந்து பழைய டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினான். “நடுவுல தட்டையாயிருச்சு மேடம். பைபாஸ்லயே ஓடியிருக்குது. ஆனா ரெண்டு ஓரமும் சமமா தேய்ஞ்சிருக்குது, மலை ஏறுவீங்களா?” நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே என்னைச் சரியாகச் சொன்னவன் அவன் ஒருவனே. அவன் என்னை வாசிக்கவில்லை, டயரை வாசித்தான்.

டயரை வேறு விதமாக வாசிக்கிறவர்களும் உண்டு. ஓரத்தில் தேயாமல் மிஞ்சும் பட்டையை ஓட்டுபவர்கள் சிக்கன் ஸ்ட்ரிப் என்பார்கள். அங்கே சிக்கன் என்றால் கோழை. டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் கண் முதலில் அங்கே போகும். பொதுச்சாலையில் லாரியும் ஆடும் மணலும் எதிர்ப்படும் வளைவில், டயரின் கடைசி விரற்கடை வரை சாய்வதை வீரம் என்று நான் ஒப்ப மாட்டேன். மிஞ்சியிருக்கும் பட்டை கைவசம் உள்ள சேமிப்பு.

ஆனால் இங்கே என்னை நானே குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் வெளியான ஒரு கட்டுரையில், பந்து எறிவது போன்ற எளிய செயலில்கூடப் பெண்கள் தங்களுக்கு இருக்கும் இடத்தையும் உடல் வலுவையும் முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்பதை எடுத்துக்கொண்டு, அது உடற்கூறு தந்ததன்று, வளர்ப்பு தந்தது என்று வாதிட்டார். நம்மிடம் இதற்கு இன்னும் பழைய ஆவணம் இருக்கிறது. தொல்காப்பியம் பெண்ணின் இயல்புகளில் அச்சத்தை முதலில் வைக்கிறது. இருபது ஆண்டுகளாக அதைப் பாடம் நடத்துகிறேன். அப்படியானால் என் டயரில் மிஞ்சிய பட்டை எதைக் காட்டுகிறது, என் நிதானத்தையா, எனக்குக் கற்பித்த அச்சத்தையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

இதற்கு நான் கண்டுபிடித்த சோதனை ஒன்றுண்டு. நிதானம் சாலையைப் பார்க்கும். காய்ந்த தார், ஈரத் தார், முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் மிதந்து வரும் அந்த அரைமணி நேரம், ஒவ்வொன்றுக்கும் அது வேறு வேறு அளவு சொல்லும். கற்பித்த அச்சம் எல்லாச் சாலைக்கும் ஒரே அளவுதான் சொல்லும். வெட்ட வெயிலில் நான்குவழிச் சாலையிலும் அதே பயம், மழையில் மலைப்பாதையிலும் அதே பயம். வீம்பும் அப்படியே, அதற்கும் சாலை தெரியாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நல்ல வெயிலில் நான் எடுக்கும் வளைவும் ஐப்பசி மழையில் எடுக்கும் வளைவும் வேறு வேறு என்பதை அங்கேதான் சரிபார்த்துக்கொண்டேன். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் நிலமே அதிர்ந்தாலும் மாறாதவள் என்று சங்கப் பாட்டு போற்றும் கொல்லிப்பாவையும் அந்த மலையைச் சேர்ந்தவள்தான். சிலைக்கு அது பெருமையாக இருக்கலாம், வண்டி ஓட்டுகிறவளுக்கு ஆகாது.

பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலேயப் பொறியாளரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1934இல் புரூக்லேண்ட்ஸ் தடத்தில் நார்டன் பைக்கில் மணிக்கு நூறு மைலைத் தாண்டித் தங்க நட்சத்திரம் பெற்றவர். பின்னர் போர்விமானங்களின் மெர்லின் எஞ்சினில் எரிபொருள் சிக்கலுக்குச் சின்ன உலோகத் துண்டு ஒன்றால் தீர்வு கண்டவரும் அவரே. அவர் தைரியத்தைவிட எனக்குப் பிடித்தது, எது எதனால் நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது, அதுதான் கடினமானது. “பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு மேடம் இந்த வேலை?” ஆசிரியர் அறையில் இது எனக்கு வாரம் ஒருமுறை வரும். இரண்டு பிள்ளைகளின் தகப்பனான சக பேராசிரியர் புல்லட்டில் லடாக் போய்வந்தபோது அதே அறையில் சால்வை போர்த்தினார்கள். தாயின் உயிர் குடும்பச் சொத்து, தகப்பனின் உயிர் அவனுடையது என்ற கணக்கு. அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைத் தள்ளிவிட்டதும் விஷயம் முடிந்துவிடவில்லை, ஏனென்றால் என் பின்னிருக்கையில் சில நாள் பதினேழு வயது மகள் உட்காருகிறாள். எனக்காக நான் ஏற்கும் ஆபத்து என் சுதந்திரம். அவளுக்காக நான் ஏற்பது அப்படி ஆகாது. கைப்பிடியும் கால்படியும் கொடுத்த சட்டம் அவளுக்குத் தகவல் கொடுக்கவில்லை. அதை நான்தான் கொடுக்க வேண்டும். டயர் எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது, தேய்மானக் குறி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, மழை நாளில் வரமாட்டேன் என்றாள். சரி என்றேன். நான் போவேன் என்றும் சொன்னேன்.

வாங்கியது இரட்டைக் கலவை கொண்ட ஸ்போர்ட் டூரிங் டயர். பந்தய டயர் அளவுக்குக் கவ்வாது, சீக்கிரம் சூடாகும், ஈரத்தில் நம்பலாம், நெடுஞ்சாலையில் நெடுநாள் வரும். ஐந்திலக்க விலைக்குக் கடைக்காரர் ரசீது போட்டுக்கொண்டே “இதுதான் நான் முதல்ல சொல்ல நெனச்சேன்” என்றார். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் மெல்லச் சாய்த்துத்தான் பழக்க வேண்டும். காற்று பின்னால் 42, முன்னால் 36. அவினாசி தாண்டிப் பெருந்துறை வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. லாரிகளுக்கு வழிவிட்டு இடப்பக்கமாக எழுபதில் வந்தேன். புல்லட்டில் ஒரு பையன் என்னை முந்திப் போகையில் திரும்பி என் பின்சக்கரத்தைப் பார்த்தான். ஓரம் இரண்டும் புத்தம் புதிதாய் மினுங்கிக்கொண்டிருந்தன.