கைக்கு வந்த சீட்டும் தலைக்கு ஏறிய பெருமையும்

காசு வைத்துச் சீட்டாடுவது சூதாட்டம். அது ஹராம் என்பதில் நம்மவர்களிடையே இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வசதி படைத்த கனவான்கள் சிலர், "நாங்கள் பணம் வைப்பதில்லை. பிரிட்ஜ் மூளைக்கு வேலை தரும் ஆட்டம். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஜோடி இதில் தங்கப் பதக்கமே வாங்கியதே!" என்பார்கள். சீட்டாட்டத்தின் சட்டத்தை இங்கு நாம் விரிக்கப் போவதில்லை. பணம் வைக்காத மேஜையிலும் பணயமாகும் ஒன்றைப் பற்றியே பேசுகிறோம். அதுதான் மனிதனின் நஃப்ஸ்.

இந்த ஆட்டத்தில் நால்வர் இரண்டு ஜோடிகளாக அமர்வார்கள். 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 வீதம் பிரியும். எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கூறுவார்கள். ஏலம் எடுத்தவர் ஆட, அவருடைய ஜோடி சீட்டுகளை விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். ஜெயித்தால் "என் மூளை", தோற்றால் "உன் மடத்தனம்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1929 செப்டம்பரில், ஜான் பென்னட் என்ற வாசனைத் திரவிய விற்பனையாளர் மனைவியை ஜோடியாகக் கொண்டு ஆடினார். கூறிய பிடிகள் கிடைக்கவில்லை. குற்றம் யாருடையது என்ற வாய்ச்சண்டையில் அவர் மனைவியை அறைந்தார். மனைவி துப்பாக்கியால் அவரைச் சுட்டுக் கொன்றார். 1931-ல் அப்பெண்மணி விடுதலையானார். போன உயிர் திரும்பவில்லை. சீட்டா கொன்றது? இல்லை, 'நான்' என்ற அகந்தை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். தன்னையே வியந்துகொள்ளும் உஜ்புக்கு வேறு ஆள் தேவையில்லை. கிப்ர் எனும் ஆணவத்திற்கோ, தாழ்த்திப் பார்க்க எதிரே ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பகைவரல்லர். மிக அருகிலிருக்கும் ஜோடிதான்.

யோசித்துப் பாருங்கள்! கைக்கு வந்த சீட்டை யார் உண்டாக்கியது? 1934-ல் நிறைவடைந்த மேட்டூர் திட்டத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் நம் ஒரத்தநாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. தலைமடைக்காரர், "தண்ணீர் முதலில் வந்தது என் சாமர்த்தியம்" என்றால் கடைமடைக்காரர் சிரிக்க மாட்டாரா? செல்வம் தன் அறிவால் கிடைத்ததென்று சொன்ன காரூனைப் பூமி விழுங்கிய வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே.

"உழைப்புக்கும் திறமைக்கும் மதிப்பில்லையா?" என்று கேட்கலாம். உண்டு. பிரிட்ஜ் போட்டிகளில் 'டூப்ளிகேட்' என்றொரு முறை இருக்கிறது. ஒரே சீட்டுப் பங்கீட்டையே பல மேஜைகளிலும் ஆட வைப்பார்கள். நல்ல சீட்டு வந்ததற்கு அங்கே பெருமையில்லை. வந்ததைக் கொண்டு என்ன செய்தார் என்பதே கணக்கு. மறுமையின் கேள்வியும் அதுவன்றோ! பொருள் எப்படி வந்தது, எதில் செலவாயிற்று என்றுதான் கேட்கப்படும். எவ்வளவு உயர்ந்தவனாக உன்னை நினைத்தாய் என்றல்ல.

நாம் பிரிட்ஜ் ஆடாதவர்களாக இருக்கலாம். ஆனால் வியாபாரம் நொடித்தால் பங்காளியை ஏசுவதும், பிள்ளை தேறாவிட்டால் "உன் வளர்ப்பு" என்று மனைவியைச் சாடுவதும், தேறிவிட்டால் "என் பிள்ளை" என்று மார்தட்டுவதும் அதே ஆட்டந்தான். வெற்றி வரும்போது கூட இருந்தவரை நினைப்பதும், தோல்வி வரும்போது முதலில் தன் கையைப் பார்ப்பதும் இந்நோய்க்கு மருந்து.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பணிவெனும் செல்வத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.