விலை தெரிந்தவன்

பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. மகாராஜாக்களின் தங்கக் கடிகாரங்களைத் தேடி அலைபவன் என்று நினைத்துவிட வேண்டாம். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கட்டிக்கொண்டிருந்த சாமானியச் சரக்குகள்தாம் என்னிடம் இருப்பவை. முக்கியமாக, ஹெச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலையின் வம்சம் அது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். பாட்டரிக் கடிகாரங்கள் வந்து இவற்றை ஓரங்கட்டின. 2016இல் அந்தக் கடிகாரக் கம்பெனியை மூடிவிடுவதென்று அரசாங்கமே தீர்மானித்தது. மூடிய பிறகு பாருங்கள், மேஜை டிராயரில் தூங்கியதற்கெல்லாம் கிராக்கி வந்துவிட்டது!

அந்தக் கிராக்கி எனக்குத் தெரியும். விற்க வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. இந்தப் பொழுதுபோக்கின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கிறிஸ்துவுக்கு முன் 44இல், கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், சிஸரோ இதைக் கேட்டிருக்கிறார். ஒருவன் தங்கத்தைப் பித்தளை என்று எண்ணி விற்க வருகிறான். நல்லவன் உண்மையைச் சொல்ல வேண்டுமா, ஆயிரம் பெறுவதை ஒன்றுக்கு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாமா? இப்படிப்பட்ட வியாபார வழக்குகளில் அவர் இரண்டு தத்துவ ஞானிகளை எதிரெதிரே நிறுத்துகிறார். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது டயோஜெனிஸின் கட்சி. (ஜாடிக்குள் வாழ்ந்தவர் அல்ல, இவர் பாபிலோன்காரர்.) தெரிந்ததைச் சொல்லியே தீர வேண்டும் என்பது ஆண்டிபேட்டரின் கட்சி.

நான் வெகுகாலம் டயோஜெனிஸ் பக்கம் இருந்தேன். புது வர்ணம் பூசிய டயலை அசல் என்று நம்பி எத்தனை முறை ஏமாந்திருக்கிறேன்! அப்படிக் காசைத் தொலைத்துக் கற்ற வித்தைக்குக் கூலி வேண்டாமா?

சில வருஷங்களுக்கு முன் திருச்சியில் ஒரு ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். வயதான ஓர் அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ஜனதாவை எடுத்து வைத்தார். காலஞ்சென்ற கணவருடையது. அசல் டயல், கண்ணாடியில்கூட அதிகக் கீறல் இல்லை. அந்த மனிதர் அதை எவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டியிருக்க வேண்டும்! கடைக்காரர் என்னைக் காட்டி, "சாருக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார்.

"என்ன பெறும்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும். "நின்னுபோன கடிகாரம். நூற்றைம்பது தரலாம்மா" என்றேன். அவர் பணத்தை வாங்கி அதே முடிச்சில் முடிந்துகொண்டு, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு டயோஜெனிஸ் என்னைக் கைவிட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்காக அவர் வாதாடலாம். என்னிடம் அந்த அம்மாள் கேட்டார். நான் பதிலும் சொன்னேன். அவர் வந்தது வியாபாரியிடம் அல்ல, விஷயம் தெரிந்தவனிடம். எந்த வித்தைக்குக் கூலி கேட்டேனோ, அந்த வித்தையை நம்பித்தான் அவர் ஏமாந்தார்.

கடிகாரத்தில் பழுது ஒன்றுமில்லை. எண்ணெய் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். சுத்தம் செய்து சாவி கொடுத்ததும் ஓடிற்று. மறுமுறை திருச்சிக்குப் போனபோது கடைக்காரரிடம் அந்த அம்மாளின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். கடையிலிருந்து நடந்தே போகிற தூரம். இன்னும் போகவில்லை.