தப்பபிப்பிராயமும் தனிப்பேணியும்

ஆங்கிலத்தில் 'பிரெஜுடிஸ்' என வழங்கும் சொல்லுக்குத் 'தப்பபிப்பிராயம்' என்று எழுதிவிட்டு நம்மவர் அப்பாற் சென்றுவிடுகின்றனர். சிலர் 'துவேஷம்' என்பர். சிலர் 'பாரபட்சம்' என்பர். வகுப்பிலே பொருள் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் நானும் இவற்றுள் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக் கொண்டவனே.

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 1950களிலும் அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிப்பேணி வைத்திருந்த கடைகள் பல. கடைக்காரர் எல்லோரும் கொடியவர் அல்லர். வாசலில் நிற்கும் சீவல் தொழிலாளியிடம் சுகம் விசாரிப்பார். நாணயமான மனிதர் என்று பிறரிடம் புகழவும் செய்வார். இங்கே துவேஷம் எங்கே? தப்பான அபிப்பிராயந்தான் எங்கே? அபிப்பிராயம் நல்லதாகவே இருக்கிறது. ஆயினும் பேணி வேறு. அம்மனிதர் கடையை அணுகுமுன்னரே அது ஆணியில் தொங்கிக் கொண்டிருக்கிறது.

அச்சொல்லின் இலத்தீன் மூலத்தைப் பிரித்தால் 'முன்' என்றும் 'தீர்ப்பு' என்றும் வரும்; விசாரணைக்கு முன்பே எழுதிவைத்த தீர்ப்பு. ஒருவரின் உரிமைக்கு நேரும் கேடு என்ற பொருளும் அதற்கு உண்டு. சட்டத் தமிழில் 'பங்கமின்றி', 'பாதகமின்றி' என்பன அப்பொருள் பற்றி வந்தவையே. இலக்கியக்காரர் தவறவிட்டதை நொத்தாரிசுமார் காப்பாற்றி வைத்திருக்கின்றனர்!

இவ்விரண்டாம் பொருளை மறந்தால் தீமை வெறும் அறியாமை என்றாகிவிடும். கல்வி பரவினால் நீங்கிவிடும் என்று நம்மைப் போன்ற ஆசிரியர்கள் ஆறுதலும் கொள்ளலாம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. பதினோராண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்டோரை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டிலே கற்றவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். இதனை அறியாமை என்று யார் சொல்வார்? மாவிட்டபுரத்தில் அன்று காக்கப்பட்டது ஓர் அபிப்பிராயம் அன்று. நிலமும் கூலியும் கௌரவமும் யார் கையில் இருப்பது என்ற ஏற்பாடு.

இதனை நம்மிலும் நன்கு உணர்ந்தவர்கள் பாதிக்கப்பட்டோரே. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாய்ச் சென்றவர்களும், அதனைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளுள் நுழைந்து அமர்ந்தவர்களும், தம்மைப்பற்றி முதலாளி என்ன நினைக்கிறார் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் கொடுக்கும் கிளாசிலே தேநீர் கேட்டனர்.